கடைசித் தட்டு

வியாழக்கிழமை, இரவு. ரோந்து முடிந்து தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டோம்.

மதியம் கப்பலைத் துறைமேடையில் கட்டும்போது, கயிறு இழுத்துக்கொண்டிருந்த மாலுமி செல்வம் மயங்கி விழுந்தான். தளத்திலேயே விழுந்தது நல்லகாலம். கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே விழுந்திருந்தால் நசுங்கியிருப்பான். வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். பட்டினி என்றார் டாக்டர்.

சமையல்காரர் அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "ஒருத்தனும் ஒரு கரண்டிக்கு மேல சோறு வாங்கமாட்டேங்கான் சார். கடைசில நீங்க வாரீய. உங்களுக்குக் கொறஞ்சிரக்கூடாதுன்னு பாக்கானுவ."

கப்பலின் பொறுப்பை ஏற்றதிலிருந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நான் தட்டை எடுக்கிறேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. என் முறை வரும்போது சட்டியில் நாலு பேருக்கான சோறும் மீனின் நடுத்துண்டும் கிடக்கும். அந்தோணிக்குத் தாராளமான கை என்று நினைத்திருந்தேன்.

"நான் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை அவங்களுக்குக் கொடுக்கலாமே?"

"நீங்க சாப்பிட்டு எந்திரிக்கதுக்குள்ள அவனுவ வேலைக்குப் போயிருதானுவ சார். எல்லாத்தையும் கடல்ல கொட்டத்தான் செய்யுதேன்."

நாளையிலிருந்து நானே முதலில் சாப்பிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். நீங்க முந்திச் சாப்பிட்டா, சாருக்கு எங்க மேல என்ன கோவம்னு கேப்பானுவ."

செல்வத்துக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது. பார்க்கப் போனபோது, ஊசியோடு எழுந்து நிற்கப் பார்த்தான். "நீங்க சாப்பிட்டீயளா சார்?" என்று கேட்டான்.