நிறைமாதப் பிள்ளை

எம். புதுப்பட்டி,
16.5.2004

மச்சானுக்கு வேல்விழி எழுதுவது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. பிள்ளை பிறந்து ஐந்து மாதத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். நான்கே வரி. அதில் நலம் விசாரிக்கவில்லை. அதனால் நானும் விசாரிக்காமலே தொடங்குகிறேன். நீங்கள் நாக்பூருக்குப் போய் எட்டு மாதம் கழித்துப் பிறந்தது ஏழு மாதத்துப் பிள்ளை என்றால் அது யாருடைய பிள்ளை என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையை எழுது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். கடைசிவரை படியுங்கள்.

விருதுநகர் பங்குனிப் பொங்கல் முடிந்த ஐந்தாம் நாள் நீங்கள் கம்பெனி குடோன் வேலைக்கு ரயில் ஏறினீர்கள். அதற்குப் பிறகு நான் வீட்டுக்குத் தூரமாகவே இல்லை. ஆனி மாதம் மூன்றாம் தேதி ஆமத்தூர் நர்சு பாண்டிச்செல்வி அக்கா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மூன்று மாதம் என்று அட்டையில் எழுதினார். தேதியோடு இருக்கிறது. அன்றைக்கு யாரும் எந்தக் கணக்கும் கேட்கவில்லை. உங்கள் அம்மா தெருவுக்கே சீனி கொடுத்தார்.

அப்புறம் தீபாவளி சீசன். பட்டாசு வேலைக்குப் போக முடியவில்லை என்று போனில் சொன்னேன். சீசன் முடியட்டும், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டு வா என்றீர்கள். போனேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை குத்தவைத்துச் சரவெடி பின்னினேன். எத்தனை தடவை கழுவினாலும் கையில் மருந்து வாடை போகாது. சோற்றைப் பிசைந்தாலே குமட்டும். பாதி நாள் தூக்குச்சட்டி அப்படியே திரும்பி வந்தது.

ஆவணியில் கால் வீங்கியது. பாண்டிச்செல்வி அக்கா பிரஷர் பார்த்துவிட்டு விருதுநகருக்கு அனுப்பினார். அங்கே டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, மாதத்துக்கு ஏற்ற வளர்த்தி பிள்ளைக்கு இல்லை, உன் உடம்பில் ரத்தமும் இல்லை, வேலையை விட்டுவிட்டு நன்றாகச் சாப்பிட்டுப் படு என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அம்மா சொன்னது இது: “வயிறு நெறயத் தின்னா பிள்ளை பெருத்துப்போகும், கீறித்தான் எடுப்பாக. சின்னப் பிள்ளைன்னா லேசாப் பெத்துறலாம்.” ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று சாக்கடையில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் குற்றம் என்னுடையது. அதை யார் மேலும் போடவில்லை.

மார்கழி ஐந்தாம் தேதி பிறந்தாள். ஒரு கிலோ எழுநூறு கிராம். தோல் சுருங்கி, கன்னத்தில் சதையே இல்லாமல், கண் மட்டும் பெரிதாக இருந்தாள். உங்கள் அம்மா துணியை விலக்கிப் பார்த்தார். அத்தனை பேர் படுத்திருந்த வார்டில், “இது ஏழு மாசத்துப் பிள்ளைதான” என்றார். போனவர் திரும்பி வரவில்லை.

என் அப்பாதான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். மகள் மேல் சந்தேகப்பட்டு இல்லை, ஊருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று. அந்தம்மா பிள்ளையின் காலைப் பிடித்து அப்பாவிடம் காட்டினார். “ஏழு மாசத்துப் பிள்ளைக்கு உள்ளங்கால்ல இத்தனை ரேகை இருக்காது பெரியவரே. நகத்தைப் பாருங்க, விரலைத் தாண்டி வளர்ந்திருக்கு. இது மாசம் நெறஞ்ச பிள்ளை. வயித்துக்குள்ளயே பட்டினி கெடந்திருக்கு” என்றார். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை மேல் பழி இல்லை என்று நிம்மதிப்படுவதா, பட்டினி என்ற சொல்லுக்கு அழுவதா என்று தெரியவில்லை.

அவளுக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சூடு கொடுக்கச் சொன்னார்கள். இங்கே என் பிறந்த வீட்டில் நாற்பது நாள் என் அம்மாவும் நானும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டோம். தை மாதம் ஒரு காலையில் உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டால் அசைவில்லாமல் கிடந்தாள். அப்பா அவளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பிழைத்தாள். உங்கள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை.

மாசியில் நான் பாண்டிச்செல்வி அக்காவைக் கூட்டிக்கொண்டு, அட்டையும் கையுமாக ஆமத்தூரில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி அக்கா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். உங்கள் அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் நர்சம்மா. ஆனா எம் மகன் என்னைய நம்புவானா, அட்டைய நம்புவானா?” என்றார்.

அதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. சனிக்கிழமை தெரிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன் மச்சான். மாதம் நிறைந்த பிள்ளைதான் என்று ஒத்துக்கொண்டால், பிறகு ஏன் இப்படிச் சிறுத்துப் பிறந்தது என்ற கேள்வி வரும். என்னைச் சாப்பிட விடாதவர் யார், வேலைக்குப் போகச் சொன்னவர் யார் என்று வரும். அந்தக் கேள்வி அவருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். நான் கெட்டுப்போனவள் என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் லேசாகப் போய்விடும்.

பிள்ளை இப்போது நாலு கிலோ இருக்கிறாள். பக்கத்து வீட்டில் அவளுக்குப் பின்னால் பிறந்தது குப்புற விழுகிறது. இவளுக்குப் போன வாரம்தான் தலை நின்றது. மாதம் ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணும் காதும் நன்றாக இருக்கிறதாம். எடையைப் போகப் போகப் பிடித்துவிடுவாள், ஆனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா கிடத்தக் கூடாது என்றார்கள். பேசுகிறேன். என் குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறாள். அவளிடம் உங்களைப் பற்றி இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை.

பெயர் வைக்க நீங்கள் வருவீர்கள் என்று மூன்று மாதம் பார்த்தேன். பிறகு நானே பொன்மாரி என்று வைத்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழுக்குத் தகப்பன் பெயர் கேட்டார்கள். முனியராஜ் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு நா தடுமாறவில்லை.

நாக்பூரில் வெயில் கொளுத்துகிறது என்று பேப்பரில் பார்த்தேன். மதிய நேரத்தில் குடோனுக்குள் நிற்காதீர்கள். பத்திரகாளியம்மன் உங்களை ஒரு சேதமும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

நீங்கள் வருவதும் வராததும் உங்கள் மனசு. விசாரிக்க என்றால் வர வேண்டாம், அதற்கு இங்கே ஊரே இருக்கிறது. பிள்ளையைத் தூக்க என்றால் வாருங்கள். ஒரு கையிலேயே தூக்கிவிடலாம். இன்னும் அவ்வளவாகக் கனக்கவில்லை.

இப்படிக்கு,
பொன்மாரியின் அம்மா
வேல்விழி