மெத்தை போட்ட சரக்கு வண்டி

வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் நீ சௌக்கியமாக இருப்பாய். எனக்குத்தான் இங்கே தலை வெடிக்கிறது.

நம் ஊருக்குப் பஸ் விடலாமா என்று பார்க்க நேற்று அதிகாரி வந்தார். மெயின் ரோட்டிலிருந்து நடக்க வேண்டாமே என்று நம் சரக்கு வண்டியில் அழைத்து வந்தேன். மூட்டைகளை இறக்கி, கழுவி, மெத்தை வேறு போட்டு! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இறங்கியதும், "வண்டியே சொகுசா இருக்கே, பஸ் எதுக்குங்க?" என்கிறார்.

பக்கத்து வீட்டு டெய்லர் சிரிக்கிறான். "அண்ணி இருந்தப்ப இந்த மெத்தை எங்கண்ணே இருந்துச்சு?"

பிறகு வீடு வீடாக ஆள் எண்ணினார். நம் வீட்டில் இரண்டு பேர் என்றேன்.

"இன்னொருத்தர் எங்க?"

"அண்ணி போய் வருஷமாகப் போகுது சார்" என்று டெய்லர் போட்டு உடைத்தான். என்னை ஒற்றை ஆளாக எழுதிக்கொண்டார். ஊரில் ஆள் குறைவு, பஸ் கிடையாதாம்.

"மூட்டையோட மூட்டையா இனி என்னால வர முடியாது, பஸ் வந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆள் இல்லாமல் பஸ் வராது என்கிறார் அவர். பேரம் பேசியே பிழைத்தவன் நான். இதில் யாரிடம் பேசுவது?

சண்டை போட்டு மறுபடி எண்ணச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். எல்லாரும் வெளியூர் போனவர்களைக் கூப்பிடுகிறார்கள். ஊருக்காகத்தான் கேட்கிறேன், நீயும் வந்து தலையைக் காட்டு.

இந்த முறை அதிகாரி நடந்துதான் வர வேண்டும். மெத்தையை மட்டும் வண்டியிலிருந்து எடுக்கவில்லை. என்றைக்கு வருகிறாய், சொல்.

இப்படிக்கு,
உன் மூட்டை வியாபாரி