திலகாவின் உடம்பு

டுரியான் துங்கால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை தினேஷ்வரனுக்கு,

மாமா அங்கமுத்து எழுதுவது. ஜொகூரில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. உங்கள் அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை.

திலகா பெட்டியோடு வந்து இறங்கியபோது ஏன் வந்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சோற்றைத் தொடாமல் வெறும் கோப்பியைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். அத்தை அதட்டிய பிறகுதான் வாய் திறந்தாள். "மூச்சு விட்டாலே இவளுக்கு வெயிட் ஏறும்லான்னு கூட்டாளிங்க முன்னால சொல்லிட்டாரும்மா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்" என்றாள்.

போன வாரம் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்துவிட்டாள். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ராகினி நம்ம தமிழ்ப் பிள்ளைதான், பொறுமையாகப் பேசினார். அங்கே நைட் ஷிஃப்ட் வேலையில் என்ன சாப்பிடுவாய் என்று திலகாவிடம் கேட்டார். கேன்டீனில் பொரித்த கோழி, பாக்கெட் மீ நூடுல்ஸ், இனிப்புத் தேத்தண்ணி என்றாள். கீரை, பருப்பு கண்ணில் பட்டே வருஷமாகிறதாம்.

டாக்டர் விளக்கினார். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றனவாம். அவற்றில் நல்லவற்றுக்கு இரை, கீரையிலும் பயற்றிலும் உள்ள நார்தான். அது கிடைக்காவிட்டால் அவை குடலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தையே அரிக்கத் தொடங்குமாம். அப்போது வேண்டாதது உள்ளே கசியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி விடாமல் சண்டை போடும். அந்தச் சண்டையில் உடம்பு அசந்துபோகும், கொழுப்பும் சேருமாம். பட்டினி கிடந்தாலும் அந்தப் படலத்துக்குத்தான் கேடு என்றார். இதுதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நான் ஒன்று கேட்டேன். "மாப்பிள்ளையும் அதையேதானே சாப்பிடுறாரு, அவர் ஒல்லியாத்தானே இருக்காரு?" அவரவர் குடலும் கிருமியும் வேறு வேறு ஐயா, ஒருவர் உடம்பை வைத்து இன்னொருவர் உடம்பை அளக்கக்கூடாது என்றார். அதைக் கேட்டுத் திலகா அழுதாள். இத்தனை நாள் தன்னைப் பெருந்தீனிக்காரி என்றே நினைத்திருந்தாளாம்.

இப்போது கங்கோங் கீரை, பச்சைப்பயறு, பயத்தங்காய் என்று அவளே சமைக்கிறாள். எடை பெரிதாகக் குறையவில்லை. முகம் தெளிந்திருக்கிறது. நேற்று அத்தையோடு ஏதோ பேசிச் சிரித்தாள்.

உங்களிடம் திரும்பிப் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

லீவு கிடைத்தால் ஒரு நடை வாருங்கள், மாப்பிள்ளை. மலாக்கா சென்ட்ரல் பஸ் ஸ்டேஷனுக்கு நானே காரில் வருகிறேன். வழியில் எதுவும் சாப்பிட்டுவிடாதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சமைத்ததைச் சாப்பிடுங்கள். மற்றதை அவளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

இருவரும் நல்லா இருக்கணும் என்றுதான் தினமும் சாமியிடம் கேட்கிறேன். இருவர் பெயரையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

உங்கள் மாமா,
அங்கமுத்து