மூன்று கணினிக்கும் ஒரே திரை

நாள் 211, காலை 9.10
நிலவின் தென்முனை நிலையம். பதிவு: பொன்னம்பலம். காற்று, மின்சாரம் சரி. சுவர்த்திரை, இறங்குகலம், விண்ணுடையின் மணிக்கட்டுத் திரை மூன்றிலும் ஓட ஒரே மென்பொருள் வேண்டும். அதை எந்த மென்பொருள் கருவித்தொகுப்பை வைத்து எழுதுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று நான் எழுதியது. அந்தந்தக் கணினி திரையில் காட்டும் பொத்தான்களையே வாங்கிக்கொள்ளும். மற்றது மங்கையர்க்கரசியுடையது, பொத்தான் உட்பட எல்லாவற்றையும் தானே வரையும். எனக்கு நான்கு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவள்.

நாள் 214, காலை 11.40
அவளுடையது மூன்றிலும் ஓடியது. என்னுடையதைச் சுவர்த்திரையில் மட்டும் பார்த்தேன், போதும். தரைக்கட்டுப்பாட்டிலிருந்து ஸ்டெல்லா மேடம்: "அரசியோடது அம்சமா இருக்குன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"
அவளுடையது மெதுவானது என்று எழுதி அனுப்பினேன். பொய்தான்.

நாள் 230, பகல் 12.20
மூன்றிலும் என்னுடையதையே ஏற்றியாயிற்று. இறங்குகலத்தில் வந்துகொண்டிருக்கும் அரசியிடமிருந்து செய்தி: "அண்ணே, மணிக்கட்டுத் திரைய ஒருதடவ குளிர்ல வெச்சுப் பாத்துருங்க. மின்சாரத்த மிச்சம் பிடிக்க அதோட கணினி தன் பொத்தானெல்லாம் எடுத்துரும்."
எனக்கே பாடம் எடுக்கிறாள். பார்க்கவில்லை.

நாள் 238, பகல் 2.05
கலம் இறங்கும்போது அதில் என் திரை உறைந்துவிட்டதாம். அரசி தன் மென்பொருளை ஏற்றிக் கலத்தைத் தரையிறக்கிவிட்டாள். "அரசி இல்லேன்னா என்ன ஆயிருக்கும்," என்கிறார் மேடம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளை அழைத்துவர வெளியே போகிறேன்.

பகல் 2.31
குரல்பதிவு. வெளியே, பள்ளத்தின் நிழலில். கடுங்குளிர். விண்ணுடையின் முதல் காற்று உருளையில் ஒன்பது நிமிடக் காற்றுதான் மிச்சம். இரண்டாவதைத் திறக்கும் பொத்தானைத் திரையில் காணோம். எண்கள் மட்டும் தெரிகின்றன. கையால் திருகும் வால்வைக் கழற்றச் சொன்னது நான்தான், திரையே போதும் என்று. நிலையத்துக்குத் திரும்ப இருபது நிமிடமாகும்.

பகல் 2.35
வானொலியில் அரசி: "அண்ணே, ஏன் நின்னுட்டீங்க? பொத்தான் வரலியா? என்னோடத அனுப்பவா? ஒரு நிமிஷந்தான். நீங்க சரின்னு சொன்னாதான் ஏறும்."
எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

பகல் 2.38
மூச்சு இழுக்கிறது. திரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். நாளை மேடம் அவளைத்தான்... எல்லாரும் அவளைத்தான்.
"அண்ணே, அனுப்பவா?" அழுகிறாள்.
அவளுடையது வேலை செய்யும். எனக்குத் தெரியும்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.