முட்டுப் பிரித்த நாளில் கட்டில் போட்டவருக்கு

பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் ஹாரன் அடித்ததுபோலத் தெரு முழுக்கக் கேட்கவைத்த என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் கரண்ட் வருவதுதான் சேதி, போவது சேதியில்லை. நம் வீட்டு நடுக்கூடத்தில் தெருப்பெண்கள் நாலைந்து பேர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தை அவர்களுக்கு நடுவே மகாராணி மாதிரி இருக்கிறாள். பனையோலை விசிறியோடு வந்த ஒருத்தியை இப்போதுதான் அதட்டினாள்: "எதுக்குட்டி விசிறுத? மடக்கி வையி. இங்கன காத்து தானா வரும்."

காற்று வருகிறது மாமா. கிழக்குச் சுவரின் செங்கல் துளைகள் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, மேற்கே உயரத்தில் வைத்த சின்ன ஜன்னல் வழியாக வெளியேறுகிறது. நீங்கள் இதைப் பார்க்கவில்லையே என்றுதான் இந்தக் கடிதம். உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், அதனால் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் தீப்பெட்டி ஆபீஸ் லாரி ஓட்டியவர். கோவில்பட்டியிலிருந்து பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் எங்கெங்கோ போய் வந்து, சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு காங்கிரீட் வீடு கட்டியவர். அந்த வீட்டுக்குத்தான் நான் மருமகளாக வந்தேன். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே வெடிக்கும். பங்குனியில் கை நுழைகிற அளவு பிளந்த சுவர், ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும். அத்தை வருசம் தவறாமல் சிமெண்டைக் குழைத்து அப்புவாள். நீங்களோ, "வீடுன்னா வெடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போவீர்கள்.

வெடிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சூட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்கள் பேத்தி பிறந்த கோடையில் அவள் உடம்பெல்லாம் வேர்க்குரு. ஈரத்துண்டால் துடைத்த மறுநிமிடமே பிள்ளை மறுபடி வியர்த்து அழுதாள். கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை எங்கள்மேல் ஊதிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில்தான் நான் உங்கள் மகனிடம் சொன்னேன்: நாம் ஒரு வீடு கட்டுவோம், என் பிள்ளை தூங்குகிற வீடாக.

நான் அப்போது ஒரு இன்ஜினியர் ஆபீஸில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். அடுத்தவர் வீடுகளையே வரைந்துகொண்டிருந்த கை. ஊருக்கு வெளியே நாங்கள் வாங்கிய மனைக்காக வரைந்த படத்தை உங்கள் முன் விரித்தபோது, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தீர்கள். "மேக்க ஒரு பெரிய ஜன்னலையும் காணும். என்னம்மா இது, வீடா ஜெயிலா?" என்றீர்கள். மேற்கு வெயில் உள்ளே வராமல் இருக்க என்றேன். உங்கள் மகன் பக்கம் திரும்பி, "ஏலே ராமர், ஒம் பொண்டாட்டிக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றீர்கள்.

அஸ்திவாரத்தில் ஆரம்பித்தது நம் சண்டை. எல்லோரும் தோண்டுகிற ஆழம் வந்ததும் மாடசாமி கொத்தனார் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டார். நீங்களும் அவர் பக்கம்.

"போதும்லா. ஊர்ல எல்லாரும் இம்புட்டுத்தான் தோண்டுதாங்க."

"சுக்கான் இன்னும் தட்டலியே மாமா."

கரிசலுக்கு அடியில் வெள்ளையாக இறுகிக் கிடக்கிற அந்தச் சுண்ணாம்புக் கல் படிவம் ஊதாது, சுருங்காது. அதன்மேல் உட்கார்ந்தால்தான் வீடு அசையாது. எனக்கு அது தெரியும். ஆனால் உங்கள் குரலுக்கு முன்னால் என் குரல் எடுபடவா செய்யும்?

"சுக்கான் தட்டணும்னா பாதாளத்துக்குத்தான் போவணும். வீடு கெட்டுதியா, கெணறு வெட்டுதியா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிக் கடப்பாரையைப் பிடித்தேன். மில் ஷிப்டு முடிந்து வந்திருந்த உங்கள் மகன் என் பின்னால் இறங்கினார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர்களும் இறங்கினார்கள். மறுநாள் கடப்பாரை கல்லில் பட்டு ஓசை கேட்டது. நீங்கள் குனிந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "எல்லாருக்கும் டீ சொல்லுலே" என்று மட்டும் சொன்னீர்கள்.

சுவர் எழுந்தது. செங்கலைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்து, நடுவே காற்று நிற்க இடம் விட்டுக் கட்டினோம். வெயில் உள்ளே வரத் தாமதமாகும், செங்கலும் குறையும். அதையும் முனகிக்கொண்டே ஏற்றுக்கொண்டீர்கள். கூரையில்தான் முழுச் சண்டை வெடித்தது.

இடித்துப்போட்ட ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பழைய ஓடுகளை வாங்கிவந்து அடுக்கியிருந்தேன். காங்கிரீட்டின் அடிப்பகுதி பாரம் சுமப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டிரண்டு ஓடுகளைக் கவிழ்த்து வைத்தால் சிமெண்டும் குறையும், ஓடுகளுக்கு இடையிலுள்ள காற்று சூட்டையும் தடுக்கும். எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் கணக்குப் பார்த்துச் சரி என்றிருந்தார். நீங்கள் சரி என்று சொல்லவில்லை.

"அந்த ஓட்டுக்கு அடியில நான் இருவது வருசம் லோடு ஏத்திருக்கேன். ஒரு குரங்கு குதிச்சா ஒடையும். அதை உள்ள வச்சுக் கூரை போடுதாளாம்!"

கொத்தனாரும் நழுவினார். "அண்ணாச்சி, இது அந்தப் பிள்ள சொல்லுத வேலை. நான் பொறுப்பில்ல, பாத்துக்கிடுங்க."

"இந்தக் கூரைக்கு அடியில நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு நான் அழுதேன் மாமா. அழுதுகொண்டே காங்கிரீட் போட்டோம்.

அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், மாடியில் நீங்கள்! வெளிப்பக்கம் ஏணி போட்டு ஏறி, கூரையில் வரப்புக் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஊரே தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நிற்கிற நாளில் அந்தத் தண்ணீர் உங்களுக்கு எங்கே கிடைத்தது? நான் கீழேயிருந்து பார்ப்பதைக் கண்டதும், "அடியிலதான வரமாட்டேன்னு சொன்னேன்? மேல ஏற மாட்டேன்னா சொன்னேன்?" என்று கத்தினீர்கள். கூரை இறுகும்வரை ஒரு நாளும் தவறாமல் வந்து நனைத்தீர்கள். ஒரு நாளும் உள்ளே நுழையவில்லை.

கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரிக்கிற நாள் வந்தது. ஓடு வைத்த கூரை விழுமா நிற்குமா என்று பார்க்கத் தெருவே கூடியிருந்தது. சுத்தியலோடு வந்த ஆட்கள் வாசலில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உங்கள் மகன் உள்ளே போக எத்தனித்தார். அப்போதுதான் நார்க்கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு நீங்கள் வந்தீர்கள். முட்டுக் கம்புகளுக்கு நடுவே இடம் பார்த்துக் கட்டிலைப் போட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, மல்லாந்து படுத்தீர்கள்.

"என்னல முழிக்கிய? தட்டுங்க."

"அண்ணாச்சி, வெளிய வாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்" என்று கொத்தனார் பதறினார்.

"எம் மருமவ போட்ட கூரை. விழுந்தா மொதல்ல எம்மேல விழட்டும். தட்டுலே!"

முட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பலகைகள் பிரிந்தன. தூசி உங்கள் முகத்திலும் மீசையிலும் கொட்டியது. நீங்கள் கண்ணைக்கூட மூடவில்லை. பலகை எல்லாம் போன பிறகு, கூரையின் அடிவயிற்றில் ஓடுகள் வரிசை வரிசையாகச் சிவந்து தெரிந்தன. கூரை நின்றது. வெளியே நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். "நல்லாருக்கும்மா" என்றீர்கள். அப்படியே திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தூங்கியவர் நீங்கள்தான்.

அன்று உண்மையிலேயே உங்களுக்குப் பயமில்லையா மாமா? இல்லை, பயத்தோடுதான் படுத்திருந்தீர்களா? அதை ஒருமுறை கேட்டிருக்கலாம். இனி யாரிடம் கேட்பது?

அதற்குப் பிறகு உங்கள் அட்டகாசம் தாங்கவில்லை. தெரிந்த டிரைவர்களை எல்லாம் கூட்டிவந்து, "எம் மருமவ வரைஞ்சது, அண்ணாந்து பாருங்கல" என்று காட்டினீர்கள். மேற்கே புங்கையும் வேம்பும் நடக் குழி எடுத்தீர்கள். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போக நான் வரைந்த வாய்க்காலை, "வளைச்சு விட்டாத்தான் தண்ணி ஓடும்" என்று என்னைக் கேட்காமலே வளைத்து வெட்டினீர்கள். அது இன்றும் அப்படியே ஓடுகிறது.

அந்த ஆடியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். கயத்தாறு தாண்டவில்லை. ஆயிரம் தடவை லாரி ஓட்டிய அதே ரோட்டில் போய்விட்டீர்கள்.

தரை போடாத வீடு அப்படியே நின்றது. வீடு ராசியில்லை என்பதுதான் வந்தவர் வாயிலெல்லாம் பேச்சு. உங்கள் மகள், கழுகுமலை மதினி, அழுதுகொண்டே தம்பியிடம் சொன்னாள்: "அப்பாவ முழுங்குன வீடுலே அது. வித்துட்டு வேற பாரு." அவள் துக்கம் அப்படிப் பேசவைத்தது. உங்கள் மகன் வாரக்கணக்கில் மனைப் பக்கமே போகவில்லை. வாங்குவதற்கு ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டும் போனார். நானே ஓய்ந்துபோனேன் என்றால் பாருங்கள்.

ஓயாதவள் அத்தைதான். ஒருநாள் காலையில் மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒரு பானையையும் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினோம். நடுக்கூடத்து மண்ணில் அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அவிய அச்சப்படாம படுத்துக் கெடந்த எடம் இது. இங்கன நான் சோறு பொங்கப் போறேன். ராசியில்லன்னு சொல்லுதவிய எங்கிட்ட வந்து சொல்லட்டும். வீட்ட விக்கணும்னா என்னையும் சேத்து வில்லுங்க."

வாழ்நாள் முழுக்க உங்கள் குரலுக்குப் பின்னால் நின்றவளுக்கு இந்தக் குரல் எங்கே இருந்தது? உங்கள் மகன் அந்த மண்ணில் உட்கார்ந்து சோறு தின்றார். தின்று முடித்ததும் எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

உங்கள் தலைத்திவசம் முடிகிறவரை பால் காய்ச்சுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒரு வருசமும் எங்கள் கையாலேயே வேலை செய்தோம். ஷிப்டு இல்லாத நேரமெல்லாம் அவர் குழாய் பதித்தார். நானும் அத்தையும் சிவப்புத் தரை போட்டோம். தேங்காய் எண்ணெய் தொட்டு அத்தை தேய்த்த தேய்ப்பில் தரையில் முகம் தெரிகிறது. கூடத்துக்கு அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி. மாடியில் ஒரு சூரியத்தகடு. கரண்ட் இல்லாத பொழுதில் இரண்டு விளக்கு எரியும். அதன் கீழே உட்கார்ந்து படித்துத்தான் உங்கள் பேத்தி வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

முதல் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த காலையில், வீட்டைச் சுற்றி ஒவ்வொரு சுவராகக் கையால் தடவிக்கொண்டு போனேன். கரிசல் சேறாகிக் கணுக்காலைப் பிடித்து இழுக்கிறது. சுவரில் ஒரு கீறல் இல்லை. அடுத்த கோடையிலும் இல்லை. அந்த மழையில் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீரை அத்தை தெருவுக்கெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

போன லீவுக்கு மதினி பிள்ளைகளோடு வந்தாள். முதலில் வாசலில் தயங்கித்தான் நின்றாள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தவள், எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "எம்மா கனி, இப்படித் தூங்கி எத்தன வருசமாச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குப் போகும்போது நீங்கள் நட்டுவிட்டுப் போன முருங்கையிலிருந்து ஒரு கம்பு ஒடித்துக்கொண்டு போனாள்.

இன்னொரு சேதி. கயத்தாறிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் நம் வீட்டைப் பார்க்க வந்தார். இதேபோல் தனக்கும் வரைந்து தரவேண்டும் என்றார். ஆபீஸ் வேலையாக இல்லை, என் பெயரில் நான் வரைந்த முதல் படம் அது. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் விரித்தேன். டீச்சரின் அப்பா, மூக்குக்கண்ணாடியும் முரட்டுக் கையுமாகக் கரிசலை உழுகிற ஒரு சம்சாரி, படத்தை ஒரே பார்வைதான் பார்த்தார். "நான் இருக்கமட்டும் இந்த மாதிரி வீடு இங்க எழும்பாது" என்று மேசையைத் தட்டினார். டீச்சர் தலை குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது மாமா. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. அந்தப் பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவரிடம் நான் ஒருநாளும் கோபப்பட மாட்டேன். எத்தனை தடவை கத்தினாலும் அத்தனை தடவையும் படத்தை விரித்துச் சொல்வேன். அந்த வீட்டையும் நிற்கவைப்பேன். கயத்தாறு தாண்டிப் போகிற ஒவ்வொரு லாரிக்காரரும், அது யார் மருமகள் வரைந்த வீடு என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி நிற்கவைப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்கள் மருமகள்,
சண்முகக்கனி