அந்த அம்மாள் அவ்வளவுதான் பேசுவாள்

மார்ச் 3, செவ்வாய்

இங்கிலாந்தில் நடக்கிற மாதிரி அண்ணி எழுதும் நாவலிலிருந்து அனுப்பிய இரண்டு அத்தியாயங்களும் திரும்பி வந்துவிட்டன. "இவர்கள் பிரிட்டிஷ்காரர்கள் இல்லை. தொப்பி போட்ட நம் ஆட்கள். பேச்சைத் திருத்தி அனுப்பினால் பார்க்கலாம்" என்று பதிப்பாசிரியர் எழுதியிருக்கிறார். எனக்குத்தான் அழுகை வந்தது. அண்ணி சிரித்தாள். "உண்மைதானே? வர்றவன் போறவன் எல்லாம் 'ஓ மை காட்'ங்கிறான். எனக்கே எரிச்சலா இருந்துச்சு."

இன்னொன்று. மாதக் கடைசியில் நான் பெரியம்மா ஊருக்குப் போய் அவருடைய தையல் கடையில் இருக்க வேண்டுமாம். "நாலு பேரோட பழகினா உன் கூச்சம் போயிடும்மா" என்றான் அண்ணன். சரிண்ணா என்றேன்.

சரியே இல்லை.

மார்ச் 5, வியாழன்

அண்ணிக்கு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. இங்கிலாந்திலிருந்து வந்து தங்குகிறவர்கள் நிறைய. இத்தனை நாள் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்று பன்னிரண்டாம் அறை அம்மாள் வந்து, "தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். என் குளியலறையில் இன்னொருவரும் தங்கியிருக்கிறார் போல. அவருக்கு ஆறு கால்" என்றாராம். கரப்பான்பூச்சி!

"நமக்குக் கோபம் வந்தா மரியாதை இறங்கும். அவங்களுக்கு ஏறுது. 'மன்னிக்கணும்'னு ஆரம்பிச்சாலே யாரோ வாங்கிக் கட்டிக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்றாள் அண்ணி.

மார்ச் 8, ஞாயிறு

வசனத்தை வாய்விட்டுப் படித்தால்தான் அதன் லட்சணம் தெரியும் என்று அண்ணி என்னையும் உட்கார வைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. பள்ளியை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அண்ணி முன்னால் மட்டும் எப்படியோ வருகிறது.

கதையில், ரொட்டிக்கடை நடத்தும் ஒரு தனிக்கட்டை அம்மாள். அவளுக்கு ஒரு சிநேகிதர், கப்பல் சமையல்காரர். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும், "இன்னும் சாகலையா நீ?" என்கிறார். முன்பு எழுதியதில் இதே இடத்தில் ஒரு பக்கம் முழுக்க உருகுவார்.

"திட்டுறாரே அண்ணி?"

"பிடிக்காதவங்ககிட்டதான் அவங்களுக்கு அத்தனை மரியாதை. பிடிச்சவங்கள ஓட்டித் தள்ளுவாங்க."

மறுபடி படித்தேன். மூன்றே வார்த்தை! எப்படித்தான் எழுதுகிறாளோ.

மார்ச் 9, திங்கள்

பெரியம்மா போன் செய்தார். எனக்கென்று தனியாக அலமாரி ஒழித்து வைத்திருக்கிறாராம். "பரவாயில்ல பெரியம்மா, எதுக்கு சிரமம்" என்றேன். அண்ணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, சனி

புது அத்தியாயம். நாங்கள் படிக்கப் படிக்க அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

கடையை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அந்த அம்மாளை அவளுடைய தம்பி மகன் அழைக்கிறான். "உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனது" என்கிறாள். "அங்கே நல்ல வெயில் அடிக்குமாமே" என்கிறாள். பிறகு சுத்தமாக இருக்கும் மேசையை இன்னொரு தடவை துடைக்கிறாள். அவ்வளவுதான். அவள் பேச்சைப் படித்தது நான்.

"அய்யோ, அவளுக்குப் போக இஷ்டமே இல்லையே!" என்றான் அண்ணன். "அதுகூடவா தெரியல அந்த மரமண்டைக்கு? இவளாவது வாயத் திறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

"அவ அவ்வளவுதாங்க பேசுவா" என்றாள் அண்ணி. பக்கத்தைத் திருப்பவில்லை.

அண்ணன் மெல்ல என் பக்கம் திரும்பினான். நான் தண்ணீர் கொண்டுவரப் போவதுபோல எழுந்துவிட்டேன். தண்ணீர் மேசையிலேயே இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

அந்த அம்மாள் நான்தான். எனக்கு இப்பதான் உறைக்குது. 'எதுக்கு சிரமம்', நாற்காலியில இடிச்சுட்டு நாற்காலிகிட்டயே மன்னிப்புக் கேக்கிறது — எல்லாம் என்னோடது. என்னைக் கேக்காம எப்படி எழுதலாம்? ஆனா நான் சொல்லாததை எல்லாம் ஒருத்தி உட்கார்ந்து கேட்டிருக்கா. அதுக்குப் போய் எப்படிக் கோபப்படுறது?

மாலையில் கேட்டேவிட்டேன்.

"பாதி நீ. பாதி பன்னிரண்டாம் அறை" என்றாள் அண்ணி. "உனக்குப் பிடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுடு." நிஜமாகவே காகிதங்களை என் பக்கம் தள்ளினாள். திங்கள்கிழமை அனுப்ப வேண்டியவை.

வேண்டாம் அண்ணி, நல்லா இருக்கு என்றேன். மரியாதைக்குச் சொல்லவில்லை. அந்த மேசை துடைக்கிற இடத்தை நான் நாலு தடவை படித்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு கேட்டான். "உனக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போக இஷ்டமா?"

"பரவாயில்லண்ணா. நீங்க பாத்து எது சொன்னாலும்…"

"என்கிட்ட இங்கிலீஷ் பேசாத. தமிழ்ல சொல்லு."

உள்ளே அண்ணி இருமினாள்.

"போகல" என்றேன். ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. "மன்னிச்சுடுங்கண்ணா."

"பாரு, மறுபடியும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். தெருமுனை வரை சிரித்துக்கொண்டேதான் போயிருப்பான்.

மார்ச் 31, செவ்வாய்

பெரியம்மா இன்னும் அண்ணனோடு பேசவில்லை. பதிப்பாசிரியர் நாவல் முழுவதையும் அனுப்பச் சொல்லிவிட்டார்.

இன்றைய அத்தியாயத்தில் ஒரு மீன்காரி வருகிறாள். அந்த ஊரிலும் எல்லாரும் அடக்கி வாசிக்கிறவர்கள் இல்லையாம். இவள் வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளுமாம். அண்ணி அந்தப் பக்கங்களைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அது எனக்கு" என்றேன்.

அண்ணி காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.