பீட்ரூட் சாற்றில் தோய்த்த செவ்வந்திப் பூக்கள்

என் அன்பு ரோஸ் அக்கா,

அன்னையர் தினப் பூசை முடிந்து பள்ளி மண்டபத்தில் நின்றவர்கள் யார் யாரென்று இப்போது கேட்டாலும் சொல்வேன். தலைமையாசிரியை சிஸ்டர் பெர்னடெட், பெற்றோர் சங்கத்து மிஸஸ் டோலன், உங்கள் மாமியார், பட்டுச் சட்டை போட்ட சீனத் தாய்மார் பதினொரு பேர், அவர்களைப் போலவே சீனப் பெண்ணான நீங்கள், நான், என் மகள் ஜெசிந்தா.

எழுபதுகளின் சிட்னி. அந்தச் சீனப் பிள்ளைகளின் கத்தோலிக்கப் பள்ளியில் ஜெசிந்தா ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. மிஸஸ் டோலன் வேண்டாம் என்று சொல்லியும், ஒரு பள்ளித் தவணை பார்ப்போம் என்று சிஸ்டர் சேர்த்திருந்தார். அதனால் என்ன வேலை சொன்னாலும் ஓடி ஓடிச் செய்தேன்.

"பூ வாங்கி வா, வெள்ளைச் செவ்வந்தி. இங்கே அதுதான் வழக்கம்" என்றது மிஸஸ் டோலன். வாங்கினேன். ஜெசிந்தாதான் முதற்பூவை உங்கள் மாமியாரின் நெஞ்சில் குத்தினாள். மனுசி அப்படியே கதிரையில் விழுந்தார். சீனருக்கு அது செத்த வீட்டுப் பூ என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"ஆர் இந்தப் பூவை வாங்கச் சொன்னது?" என்று சிஸ்டர் கேட்டார். (உங்கள் ஆங்கிலமெல்லாம் என் காதில் தமிழாகத்தான் கிடக்கிறது.) மிஸஸ் டோலன் கையுறையை இழுத்துவிட்டபடி கூரையைப் பார்த்தது. என் பிள்ளையின் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

"நான்தான் சொன்னனான், சிஸ்டர். இங்க பிறந்து வளந்தவள், எனக்கு உந்தச் சம்பிரதாயம் ஒண்டும் தெரியாது" என்று முன்னால் வந்தீர்கள் நீங்கள்.

பச்சைப் பொய்! சீன வருடப்பிறப்புக்கு வீடு கூட்டவே நாள் பார்க்கிற ஆள் நீங்கள்.

பிறகு என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய், சான்ட்விச்சுக்கு வைத்திருந்த பீட்ரூட் டின்களை உடைத்தீர்கள். "அழாதை பிலோ, தோய்!" பூவெல்லாம் சிவந்தது, சீனருக்கு மங்கல நிறம். தாய்மாரின் சட்டைகளும் சிவந்தன. அவர்கள் சிரித்தார்கள். உங்கள் மாமியார் மட்டும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் உங்களோடு பேசவில்லை. ஜெசிந்தா அங்கேயே படித்து முடித்தாள். ஆனால் அந்த மூன்று மாதம் இத்தனை வருடமும் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

போன கிழமை, நாங்கள் இப்போது இருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ஜெசிந்தா என்னை உங்கள் அடக்கத்துக்குக் கூட்டிவந்தாள். உங்கள் மகன் பீட்டரின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பிலோ அன்ரி, அம்மா அண்டைக்குப் பின்னேரமே அப்பாச்சிக்கு உண்மையைச் சொல்லிப்போட்டா. அப்பாச்சி கோவம் மாதிரி நடிச்சவ. அவவே அம்மாவோட கோவிச்சால் மற்றவை வாய் திறக்காயினம், உங்கட பிள்ளையைப் பற்றியும் ஒருத்தரும் கேளாயினம் எண்டு. வீட்டில ரெண்டு பேரும் ஒண்டா இருந்துதான் தேத்தண்ணி குடிச்சவை."

நடிப்பா? கோயில் வாசலில் அவர் முகத்தைத் திருப்பின திருப்பு நடிப்பா? எனக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அக்கா! சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தீர்களோ? சரிதான், காட்டிக்கொடுத்திருக்கும். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டேன். உங்களை மன்னித்துவிட்டேன். மாமியாரையும்தான்.

ஒவ்வொரு அன்னையர் தினத்துக்கும் உங்கள் கல்லறைக்கு வெள்ளைச் செவ்வந்தி கொண்டுவருவேன். இந்த முறை சரியான இடத்துக்கு. கால் ஏலாமல் போனால் ஜெசிந்தா கொண்டுவருவாள்.

அன்று மிஸஸ் டோலன் ஒரு வாய் திறந்து "நான்தான் சொன்னேன்" என்றிருந்தால் போதும். கடைசி வரை சொல்லவில்லை. மிஸஸ் டோலனை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

கை சிவந்த உங்கள் தங்கை,
பிலோமினா